செயலியின் இடைமுகத்துக்கு எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் முறை

புத்தகத்துக்கு எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதும் கணினிச் செயலியின் இடைமுகத்துக்குத் தேர்ந்தெடுப்பதும் வெவ்வேறு வேலைகள். புத்தகத்தில் கண் வரிவரியாக ஓடுகிறது. செயலியிலோ பொத்தான், மெனு, அட்டவணைத் தலைப்பு, பிழைச்செய்தி என்று ஆங்காங்கே இரண்டு மூன்று சொற்களை மட்டும் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. அந்தச் சொற்களுக்கு முன்னும் பின்னும் வாக்கியம் இல்லாததால், ஓர் எழுத்து மங்கினால் அதைச் சூழலைக் கொண்டு ஊகித்துக்கொள்ள வாசகருக்கு வழியில்லை. ஆகவே பெரிய அளவில் காட்டப்படும் மாதிரிப் படத்தின் அழகைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. உங்கள் செயலியில் வரப்போகும் மிகச் சிறிய அளவில், தனிச்சொல்லாக நிற்கும்போது ஒவ்வோர் எழுத்தும் தன்னை ஐயமின்றிக் காட்டிக்கொள்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான செயலிகளுக்கு இயங்குதளத்தின் சொந்த எழுத்துருவே சரியான தேர்வு என்பது என் உறுதியான கருத்து. பயனரின் கண் அதற்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது. அந்தத் தளத்தின் பொத்தான்களும் பெட்டிகளும் அதன் அளவுகளுக்கு ஏற்பவே வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த எழுத்துருவின் பெயரை நிரலில் நேரடியாக எழுதி வைக்காதீர்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் இடைமுகத்துக்குத் தஹோமா இருந்தது. 2007-இல் சந்தைக்கு வந்த விஸ்டாவில் அது சீகோ யூஐ ஆனது. விண்டோஸ் 11-இல் சீகோ யூஐ வேரியபிள் வந்தது. ஆப்பிள் தன் மேக் கணினிகளில் 2014-இல் ஹெல்வெட்டிகா நியூவுக்கு மாறி, அடுத்த ஆண்டே சான் பிரான்சிஸ்கோவைக் கொண்டுவந்தது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் க்னோம் இடைமுகம் பல ஆண்டுகள் கான்டரெல்லை வைத்திருந்துவிட்டு 2025-இல் அத்வைதா சான்ஸுக்கு நகர்ந்தது. பெயரை எழுதி வைத்த செயலி இத்தகைய ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழையதாகிப் போகும். எனவே இயங்குதளத்தையே கேளுங்கள். இதற்கான அழைப்பு விண்டோஸின் நிரலாக்க இடைமுகத்திலும் மேக்கின் எழுத்துரு வகுப்பிலும் க்யூட்டி என்ற கருவித்தொகுப்பின் எழுத்துருத் தரவுத்தளத்திலும் இருக்கிறது; எலக்ட்ரான் போன்ற வலை அடிப்படையிலான கருவிகளால் உருவான செயலிகளில் சிஸ்டம்-யூஐ என்ற பொதுப்பெயர் அதே வேலையைச் செய்யும்.

அளவையும் அப்படியே கேட்டு வாங்குவது நல்லது. விண்டோஸ் ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட், 96 பிக்சல் என்று கணக்கிடுவதால் அதன் வழக்கமான 9 பாயின்ட், 100 சதவீத அளவீட்டில் 12 பிக்சல் ஆகிறது. மேக்கில் ஒரு பாயின்ட் என்பது ஓர் அடிப்படைப் பிக்சலுக்குச் சமம். அங்கே வழக்கமான அளவு 13 பாயின்ட். விண்டோஸில் நன்றாக இருந்த 9 என்ற எண்ணை அப்படியே மேக்குக்குக் கொண்டுபோனால் எழுத்து படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும். மேலும், விண்டோஸ் 11-இல் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் எழுத்தின் அளவை மட்டும் 225 சதவீதம் வரை பெரிதாக்கிக்கொள்ள முடியும். அவர்கள் கேட்ட அளவை உங்கள் செயலி மதிக்கவில்லை என்றால், எழுத்துரு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அவர்களுக்குப் பயனில்லை.

இயல்பு அளவு மாறும்போது என்ன நடக்கும் என்பதற்கு, மைக்ரோசாஃப்ட்டின் டாட் நெட் தளத்தில் சாளரங்களை உருவாக்க உதவும் கருவித்தொகுப்பான விண்டோஸ் ஃபார்ம்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. டாட் நெட் ஃப்ரேம்வொர்க்கில் அதன் இயல்பு எழுத்துரு 8.25 பாயின்ட் மைக்ரோசாஃப்ட் சான்ஸ் செரிஃப். அதற்குப் பின் வந்த டாட் நெட் கோர் 3.0-இல் அது 9 பாயின்ட் சீகோ யூஐ ஆனது. முக்கால் பாயின்ட்தானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு பெட்டியின் இடத்தையும் அகலத்தையும் பிக்சலில் நிலைநிறுத்தி வைத்த பழைய படிவங்கள் புதிய தளத்துக்கு வந்தபோது, சொற்களின் கடைசி எழுத்துகள் வெட்டுப்படவும் அடுத்தடுத்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் அதுவே போதுமானதாக இருந்தது. எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, எழுத்தின் அளவுக்கு ஏற்பத் தானாக விரியும் தளவமைப்பைச் செய்துவிடுங்கள்.

எல்லாத் தளங்களிலும் ஒரே தோற்றம் வேண்டும் என்பது போன்ற நியாயமான காரணம் இருந்தால் தனி எழுத்துருவைச் செயலியோடு சேர்த்து அனுப்பலாம். அப்போது முதலில் படிக்க வேண்டியது உரிமத்தை. சீகோ யூஐ உங்கள் கணினியில் இருக்கிறது என்பதற்காக அதை உங்கள் நிறுவல் கோப்பில் சேர்த்துப் பகிரும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. சான் பிரான்சிஸ்கோவோ ஆப்பிள் தளங்களுக்கான இடைமுகங்களுக்கு மட்டுமே உரியது. எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கும் நோட்டோ சான்ஸ், இன்டர், சோர்ஸ் சான்ஸ் போன்றவற்றை வணிகச் செயலியிலும் சேர்க்கலாம்; உரிம வாசகத்தையும் உடன் வைக்க வேண்டும். தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, காடமரான் ஆகியவை இதே உரிமத்தில் கிடைக்கின்றன.

பிறகு எழுத்துகளைச் சோதிக்க வேண்டும். ஆங்கிலத்தில் பெரிய ஐ, சிறிய எல், எண் 1 ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டச்சு செய்து பாருங்கள். பெரிய ஓவையும் சுழியத்தையும் அப்படியே பாருங்கள். ஏரியலில் பெரிய ஐ-யும் சிறிய எல்லும் ஏறக்குறைய ஒரே கோடு. கடவுச்சொல், வரிசை எண், உரிமச் சாவி போன்றவற்றைக் காட்டும் செயலிக்கு இது பெரிய குறை. மாத்யூ கார்ட்டர் திரைக்கென்றே வடிவமைத்து 1996-இல் வெளியான வெர்டானாவில் பெரிய ஐ-க்கு மேலும் கீழும் குறுக்குக் கோடுகள் இருப்பதால் இந்தக் குழப்பமே இல்லை. எண்களைப் பொறுத்தவரை, எல்லா இலக்கங்களும் ஒரே அகலத்தில் வரும் வசதி அந்த எழுத்துருவில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் கணக்குப் பத்திகள் நேராக நிற்காது. ஓடும் கடிகாரத்தில் ஒவ்வொரு நொடியும் எண்கள் இடமும் வலமும் துள்ளும்.

தமிழுக்கு இந்தச் சோதனை இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். 12 பிக்சல் உயரத்தில் ண-வின் மூன்று சுழிகளும் ன-வின் இரண்டு சுழிகளும் தனித்தனியே தெரிகின்றனவா, அல்லது கருந்திட்டாக அடைந்துவிடுகின்றனவா என்று பார்க்க ‘மனம்’, ‘மணம்’ என்ற இரு சொற்கள் போதும். ‘கொடு’, ‘கோடு’ என்ற இணை, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் பிரிந்து தெரிகின்றனவா என்பதைக் காட்டும். சில எழுத்துருக்களில் துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ‘பார’, ‘பரா’ என்று எழுதினால் அது வெளிப்பட்டுவிடும். மெய்யெழுத்தின் புள்ளி மேல்வரியோடு ஒட்டி மறைந்துபோனால் சொல்லே மாறிவிடும். என் அனுபவத்தில் அடர்த்தி குறைந்த திரைகளில் தமிழுக்கு 9 பாயின்ட் போதாது. ஆங்கிலத்தைவிட ஒரு பாயின்ட்டாவது கூட்டி வைக்க வேண்டும்.

உயரமும் கவனிக்கத்தக்கது. ‘டீ’, ‘ஸ்ரீ’ போன்றவை மேலே எழும்புகின்றன. ‘ழூ’, ‘ஞூ’ போன்றவை கீழே இறங்குகின்றன. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் பொத்தானின் உயரத்தை நிலையாக வைத்தால் இந்த எழுத்துகளின் தலையோ காலோ வெட்டுப்படும். நோட்டோ வரிசையில் நோட்டோ சான்ஸ் தமிழ் யூஐ என்று செங்குத்து அளவைச் சற்றே சுருக்கிய தனி வடிவம் உருவாக்கப்பட்டதற்கு இந்தச் சிக்கல்தான் காரணம்.

ஆங்கில எழுத்துருவை மட்டும் குறிப்பிட்டுவிட்டுத் தமிழை அப்படியே விட்டால், இயங்குதளம் தன்னிடம் உள்ள ஏதோ ஒன்றைக் கொண்டு இடத்தை நிரப்பும். விண்டோஸ் 8 முதல் அது பெரும்பாலும் நிர்மலா யூஐ. அதற்கு முந்தையவற்றில் லதா. தமிழில் பெயரும் ஆங்கிலத்தில் நீட்டிப்பும் கொண்ட ஒரு கோப்பின் பெயரைக் காட்டிப் பார்த்தால் இரு மொழி எழுத்துகளும் நிற்கும் அடிவரி பொருந்துகிறதா, தடிப்பு ஒத்துப்போகிறதா என்பது உடனே தெரியும். பொருந்தவில்லை என்றால் தமிழுக்கான எழுத்துருவையும் நீங்களே பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். சாய்வெழுத்தைத் தமிழுக்குப் பயன்படுத்தாதீர்கள். பெரும்பாலும் அது நிரல் செயற்கையாகச் சரித்த வடிவமாகவே இருக்கும். தடித்த வடிவம் எழுத்துருவிலேயே இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். செயற்கையாகத் தடிப்பாக்கினால் சுழிகள் அடைந்துவிடும்.

எழுத்துருவில் எல்லாம் சரியாக இருந்தும் ‘கொ’ உடைந்து தெரிந்தால் குற்றம் எழுத்துருவுடையது அன்று. கொம்பைப் பிரித்து மெய்யின் முன்னால் வைப்பது ஹார்ஃப்பஸ், டைரக்ட்ரைட், கோர் டெக்ஸ்ட் போன்ற எழுத்து வடிவாக்க நிரலகங்களின் வேலை. தானே எழுத்துகளை வரைந்துகொள்ளும் சில சிறிய இடைமுகக் கருவித்தொகுப்புகளில் இந்தப் படி இருப்பதில்லை. அத்தகையதைக் கொண்டு வேலையைத் தொடங்கும் முன்பே ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ மூன்றையும் திரையில் காட்டிப் பாருங்கள்.

குடும்பம் ஒன்று, தடிப்பு இரண்டு, அளவு மூன்று அல்லது நான்கு என்று வைத்துக்கொண்டால் எந்தச் செயலிக்கும் போதும். விண்டோஸ் 11-இன் வழிகாட்டுதலிலும் குறிப்புக்கு 12, உரைக்கு 14, துணைத்தலைப்புக்கு 20, தலைப்புக்கு 28 பிக்சல் என்ற படிநிலையே முதுகெலும்பு. மெல்லிய தடிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். மேக்கில் ஹெல்வெட்டிகா நியூ வந்தபோது, ரெட்டினா எனப்படும் அடர்த்தி மிகுந்த திரை அல்லாத சாதாரணத் திரைகளில் படிக்கக் கடினமாக இருக்கிறது என்ற விமர்சனம் பரவலாக எழுந்தது. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்ற வலை அணுகல்தன்மை விதி, செயலிகளுக்கும் நல்ல அளவுகோல். கருமைத் தோற்றத்தில் வெள்ளை எழுத்து சற்றே தடித்துத் தெரியும் என்பதால் அங்கும் தனியே பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துவிடாமல், மேலே சொன்ன சோதனைச் சொற்கள் அனைத்தையும் எல்லா அளவுகளிலும் இரு தோற்றங்களிலும் காட்டும் ஒரு சாளரத்தைச் செயலியின் நிரலிலேயே உருவாக்கி வையுங்கள். அதை 100, 125, 150, 225 சதவீதங்களில், விலையுயர்ந்த திரையில் மட்டுமன்றிச் சாதாரண 96 புள்ளி அடர்த்தித் திரையிலும் திறந்து பாருங்கள். எழுத்துருவின் புதிய பதிப்பில் வரி உயரமும் எழுத்து அகலமும் மாறக்கூடும் என்பதால், பதிப்பை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் அந்தச் சாளரத்தைத் திறந்து பார்த்த பிறகே வெளியிடுங்கள்.