பீட்சா கல் இருந்தும் அடி ஏன் வேகவில்லை?

மேலே சீஸ் கருகிவிடும், அடி மட்டும் வெள்ளையாகவே இருக்கும். பீட்சா கல், அதாவது ஓவனுக்குள் சூடாக்கி அதன்மேல் பீட்சா சுடும் தட்டைக் கல், வாங்கிய பலர் சொல்லும் குறை இது. பெரும்பாலும் கல் சூடாகவில்லை என்பதுதான் காரணம். ஓவனின் சிறு விளக்கு அணைந்தால் உள்ளே காற்று சூடாகிவிட்டது என்றுதான் அர்த்தம். கல்லுக்கு இன்னும் நேரம் வேண்டும். 250 பாகையில் குறைந்தது 45 நிமிடம், தடித்த கல்லென்றால் ஒரு மணித்தியாலம் காயவிடுங்கள். நம் ஊர் பேக்கரிகளிலும் விறகுப் போறணையின் தளம் நன்றாகச் சூடேறிய பிறகுதானே பாண் வைக்கிறார்கள்! கரண்ட் பில்லை நினைத்து இந்த நேரத்தைக் குறைக்காதீர்கள். ஒரே சூட்டில் மூன்று நான்கு பீட்சா சுடுங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் கல் திரும்பச் சூடேறச் சில நிமிடம் விடுங்கள்.

கல்லை ஓவன் குளிர்ந்திருக்கும்போதே உள்ளே வைத்துவிட வேண்டும். சூடான ஓவனுக்குள் குளிர்ந்த கல்லை வைத்தால் வெடித்துவிடலாம். ஈரக் கல்லும் அப்படித்தான். மார்கழி மழையில் மட்டக்களப்பு வாவிக்கரை வீடுகளில் உப்பே கசிந்துவிடும், நுண்துளை நிறைந்த கல் ஈரத்தை இழுக்காமல் இருக்குமா? அந்த மழைக்காலத்தில் முதலில் குறைந்த சூட்டில் அரை மணி நேரம் காயவிட்டு, பிறகு சூட்டைக் கூட்டுங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவவே கூடாது. அந்த வாசம் அடுத்த பீட்சாவில் ஏறும். சுரண்டித் துடைத்தால் போதும். கறுப்புக் கறைகளால் ஒரு கெடுதலும் இல்லை. எண்ணெயும் பூசாதீர்கள், வீடு முழுக்கப் புகைதான் மிஞ்சும்.

அடுத்தது மா. குளிர்நாட்டுச் செய்முறையில் மா பொங்க இரண்டு மணித்தியாலம் என்று இருந்தால், நம் வெக்கையில் அவ்வளவு நேரம் விடக்கூடாது. புளித்து, இழுத்தால் கிழியும். மணிக்கூட்டைப் பார்க்காமல் மா பொங்கும் அளவைப் பாருங்கள். ஈஸ்ட்டைக் குறைத்து, இரவு முழுக்க பிரிட்ஜில் வைத்தால் ருசியும் கூடும்.

பலகையிலிருந்து கல்லுக்கு மாற்றும் நேரம்தான் பலருக்கும் பயம். பலகையில் ரவை தூவி, மாவைப் பரப்பியதும் லேசாக ஆட்டிப் பாருங்கள். வழுக்கி நகர வேண்டும். எங்காவது ஒட்டினால் அந்த ஓரத்தைத் தூக்கி இன்னும் கொஞ்சம் ரவை தூவுங்கள். அப்புறம் கடகடவென்று சோஸ், சீஸ் போட்டு உடனே ஓவனுக்குள் தள்ளுங்கள். பத்து நிமிடம் பலகையில் கிடந்தால் மா ஈரம் கசிந்து பிடித்துக்கொள்ளும். இழுத்தால் சோஸ் கல்லில் கொட்டும்.

இறால், கணவாய் போடாமல் நமக்கு மனம் கேட்காது, சரி. ஆனால் பச்சையாகப் போட்டால் தண்ணீர் விட்டு நடுப்பகுதி சொதசொதவென்று ஆகிவிடும். தாச்சியில் வதக்கி, நீரை வடித்துவிட்டுப் போடுங்கள். தக்காளி சோஸையும் வற்றக் காய்ச்ச வேண்டும். பத்து அங்குல பீட்சாவுக்கு மூன்று மேசைக்கரண்டி தாராளம்.

சுட்டு முடிந்ததும் கல்லை வெளியே எடுக்காமல் ஓவனுக்குள்ளேயே ஆறவிடுங்கள்.