புது வண்டிக்கு ஷோரூம் கோட்டிங்: கையெழுத்துப் போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரம் ஆனால் என் கடைக்கு ஒரே மாதிரி வண்டிகள் வர ஆரம்பிக்கும். கிரில் இடுக்கில் காய்ந்த சாமந்தி இதழ், சீட்டில் பிரிக்காத பாலிதீன் உறை. "வெயிலில் நிறுத்தினால் பானெட்டில் வட்டம் வட்டமாகக் கோடு தெரியுதுங்க. ஷோரூம்லயே கோட்டிங் போட்டுத்தான் எடுத்தோம்" என்பார்கள். 2012-ல் என் முதல் வண்டியை எடுத்தபோது நானும் இதே கோட்டிங்குக்கு 5,500 ரூபாய் கட்டினேன், இதே கோடுகளோடுதான் வீட்டுக்கு வந்தேன். அப்புறம்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். கோவையில் கார் டீடெய்லிங், அதாவது வண்டியைக் கழுவி, பாலிஷ் பிடித்து, கோட்டிங் போடுகிற வேலையைச் செய்ய ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. இன்னமும் அதே தவறோடு வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன.

துணி சோப்புத் தூள் போட்டுக் கழுவக் கூடாது, தூசியைக் காய்ந்த துணியால் துடைக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயரை நம்புவது

ஷோரூமில் இன்னமும் அதிகம் விற்பது "டெஃப்லான் கோட்டிங்". தோசைத் தவாவில் இருக்கிற அதே பொருள் காரிலும் படிந்துவிடும் என்று மக்கள் நினைக்கிறார்கள். அந்தப் பொருள் உருகுவதற்கே 327 டிகிரி சூடு வேண்டும். தவாவில் அதை ஒட்டவைக்க உலையில் வைத்துச் சுடுகிறார்கள். கார் பெயிண்டையோ தொழிற்சாலையில் 140 டிகிரி அளவில்தான் சுடுகிறார்கள். ஷோரூம் ஷெட்டில் பையன் கையால் தேய்க்கும்போது அந்தச் சூடு எங்கிருந்து வரும்? பாட்டிலில் இருப்பது ஒரு நல்ல பாலிஷ், அல்லது பாலிமர் சீலன்ட். பளபளக்கும், தண்ணீர் முத்து முத்தாக உருளும், சில மாதத்தில் போய்விடும். அது தப்பில்லை. ஆனால் அதே வேலையைச் செய்கிற பாட்டில் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வீட்டு வாசலில் நிழலில் நிறுத்தி ஒரு மணி நேரத்தில் நீங்களே தடவிவிடலாம்.

செராமிக் வேறு வகை. அது உண்மையிலேயே பெயிண்டின் மேல் பிடித்துக்கொள்ளும், ஒழுங்காகப் போட்டால் இரண்டு மூன்று வருடம் நிற்கும். ஆனால் "9ஹெச் கடினம், கீறலே விழாது" என்று சொன்னால் நம்ப வேண்டாம். அந்த 9ஹெச் என்பது பென்சில் அளவு. ஹெச்பி, 2ஹெச் என்று படம் வரைய வாங்குவோமே, அதே வரிசை. 9ஹெச் பென்சிலை அழுத்தி இழுத்தாலும் கோடு விழவில்லை, அவ்வளவுதான் அதற்குப் பொருள். மணல் துகள் பென்சிலைவிடக் கடினமானது. செராமிக் படலத்தின் தடிமனோ ஒன்றிரண்டு மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். சாவிக் கீறலையும் கல்லடியையும் ஓரளவு தாங்குவது பிபிஎஃப் என்கிற 150, 200 மைக்ரான் தடிமனான ஃபிலிம் மட்டும்தான். அதன் விலையும் பல மடங்கு.

வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே கோட்டிங் போடச் சொல்வது

இதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தத் தவறால் உங்கள் கையில் இருக்கிற ஒரே சாட்சியமும் அழிந்துவிடுகிறது.

புது வண்டி தொழிற்சாலையிலிருந்து நேராக உங்கள் கைக்கு வருவதில்லை. டிரெய்லரில் ஏறி, ஸ்டாக்யார்டில் வெயிலிலும் மழையிலும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நிற்கிறது. இறக்கும்போது உரசலாம், பக்கத்து வண்டியின் கதவு இடிக்கலாம். டெலிவரிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரே பையன் ஆறு வண்டி, எட்டு வண்டி கழுவுகிறான். ஒரே வாளி, ஒரே துணி. முதல் வண்டியின் மண் எட்டாவது வண்டியின் பானெட்டில் தேய்கிறது. வெயிலில் தெரிகிற அந்தச் சிலந்திவலைக் கோடுகள் அங்கேதான் விழுகின்றன.

இதன் மேல்தான் கோட்டிங் போடுகிறார்கள். முறைப்படி போட வேண்டுமானால் வண்டியைக் கழுவி, பெயிண்டில் ஒட்டிய இரும்புத் துகளைக் கரைத்து, களிமண் கட்டி மாதிரி இருக்கிற கிளேயால் உருட்டி எடுத்து, மெஷினில் பாலிஷ் பிடித்து, எண்ணெய் இல்லாமல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, அப்புறம்தான் ஒவ்வொரு இரண்டடிச் சதுரமாகச் செராமிக் தடவ வேண்டும். தடவிய பிறகு ஒரு நாளாவது தண்ணீர் படாமல் மூடிய இடத்தில் நிற்க வேண்டும். என் கடையில் புது வண்டிக்கே இரண்டு நாள் ஆகும். நாளைக் காலை ஒன்பது மணி நல்ல நேரத்துக்கு டெலிவரி என்றால் இதற்கெல்லாம் நேரம் ஏது? கோடு கோடாக இருக்கிற பெயிண்டின் மேல் அப்படியே தடவிவிடுகிறார்கள். கோடு உள்ளே மாட்டிக்கொள்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் போட்ட கோட்டிங்கையே மெஷின் வைத்துத் தேய்த்து எடுக்க வேண்டும், அதோடு நிறத்தின் மேல் இருக்கிற கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பெயிண்ட் படலமும் கொஞ்சம் போகும். கிளியர் கோட் இருப்பதே 40, 50 மைக்ரான். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதைவிட மோசம், சில பாலிஷ்களில் கீறலை நிரப்புகிற எண்ணெயும் மெழுகும் இருக்கும். டெலிவரி அன்று கண்ணாடி மாதிரி மின்னும். நாலு வாஷில் எண்ணெய் போய்விடும், கீறல் எழுந்து வரும். நீங்கள் போய்க் கேட்டால், "நீங்கள் கழுவியதில் விழுந்தது சார்" என்பார்கள். கையெழுத்துப் போட்டு எடுத்து வந்துவிட்டீர்கள், என்ன பேச முடியும்?

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பள்ளி ஆசிரியை தன் அடர்நீல வண்டியைக் கொண்டுவந்தார். ஒரு ஷோரூமில் செராமிக் கோட்டிங் என்று 24,000 ரூபாய் வாங்கியிருந்தார்கள். வண்டிக்கு வயது 19 நாள். நான் வழக்கம்போல் பெயிண்ட் தடிமன் மீட்டரை எடுத்து ஒவ்வொரு பேனலாக வைத்தேன். பானெட் 112, இடது கதவுகள் 108, 115. வலது பின் கதவில் வைத்தேன். 263. இன்னொரு இடத்தில் 281. தொழிற்சாலைப் பெயிண்ட் பெரும்பாலும் 80-லிருந்து 130 மைக்ரானுக்குள் இருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அந்தக் கதவில் மட்டும் பெயிண்ட் ஆரஞ்சுத் தோல் மாதிரி வேறு விதமாகப் புள்ளி வைத்திருந்தது. ரப்பர் பீடிங்கை விரலால் தூக்கினேன். உள்ளே டேப் ஒட்டி நிறுத்திய பெயிண்டின் விளிம்பு, நகத்தில் தட்டுப்பட்டது.

"அப்படின்னா இது அடிபட்ட வண்டியாங்க, தம்பி?" என்று அவர் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பதினான்கு வருடச் சேமிப்பு அது. ஷோரூமில் "எங்களிடமிருந்து போகும்போது நன்றாக இருந்தது" என்று முடித்துவிட்டார்கள். கோட்டிங் போடாத, தூசியோடு நின்ற வண்டியை டெலிவரிக்கு முன்பே வெயிலில் பார்த்திருந்தால் அந்தக் கதவு நிச்சயம் கண்ணில் பட்டிருக்கும்.

நம் ஊரில் மட்டும் நடக்கிற கதையும் அல்ல இது. அமெரிக்காவின் அலபாமாவில் 1990-ல் ஒரு மருத்துவர் கறுப்பு பிஎம்டபிள்யூ வாங்கினார். ஒன்பது மாதம் கழித்து வண்டியை இன்னும் பளபளப்பாக்கலாம் என்று ஒரு டீடெய்லிங் கடையில் விட்டபோதுதான், அது முன்பே மறுபெயிண்ட் அடித்த வண்டி என்று கடைக்காரர் கண்டுபிடித்துச் சொன்னார். சிறு சேதத்தைச் சரிசெய்துவிட்டுப் புது வண்டியாகவே விற்பதும், அதை டீலரிடம்கூடச் சொல்லாமல் விடுவதும் அந்த நிறுவனத்தின் வழக்கமாக இருந்தது. 'பிஎம்டபிள்யூ எதிர் கோர்' என்ற அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், நஷ்டஈட்டின் அளவு பற்றிய முக்கியமான தீர்ப்பு 1996-ல் வந்தது. ஒன்பது மாதம் தன் வண்டியைத் தினமும் பார்த்தவருக்கே தெரியவில்லை. ராத்திரி ஷோரூம் விளக்கில் பத்து நிமிடம் பார்க்கிற நமக்கு எப்படித் தெரியும்?

அதனால் இப்படிச் செய்யுங்கள். புக்கிங் படிவத்திலேயே "கோட்டிங், பாலிஷ் எதுவும் வேண்டாம்" என்று எழுதி அதன் நகலை வாங்குங்கள். மீதிப் பணம் கட்டும் முன், பதிவுக்குப் போகும் முன், பகல் வெளிச்சத்தில் ஸ்டாக்யார்டுக்கே போய் வண்டியைப் பாருங்கள். சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் இருக்கிற தெரிந்தவரைக் கூட்டிப் போனால் இன்னும் நல்லது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சாதாரண மீட்டர் அங்கே எண் காட்டாது, அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். திருப்தியானால் பணத்தைக் கட்டுங்கள். கோட்டிங் வேண்டுமென்றால் டெலிவரி எடுத்த பிறகு, வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க விடுகிற கடையில் போடுங்கள். "புது பெயிண்ட் காய மூன்று மாதம் ஆகும்" என்பது தொழிற்சாலைப் பெயிண்டுக்குப் பொருந்தாது. அது சுட்டு இறுகித்தான் வருகிறது. ஒர்க்‌ஷாப்பில் அடித்த பெயிண்டுக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

"கோட்டிங் போடாவிட்டால் பெயிண்ட் வாரண்டி போய்விடும்"

வாரண்டிப் புத்தகத்தில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

கோட்டிங்கை லோனில் சேர்ப்பது

25,000 ரூபாய், 9 சதவீத வட்டி, 5 வருடம்: மொத்தம் 31,138 ரூபாய் கட்டுவீர்கள். கோட்டிங் அதற்கு முன்பே போய்விட்டிருக்கும்.

அடிப்பக்க ஆன்டி ரஸ்டை அதே பேக்கேஜில் வாங்குவது

அவசரத்தில் அடித்தால் கதவின் அடியிலும் தரைத்தகட்டிலும் தண்ணீர் வெளியேறுகிற துளைகள் அடைபடும். துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

போட்டாச்சு என்று கழுவாமல் விடுவது

பறவை எச்சம் நம் வெயிலில் சில மணி நேரத்திலேயே கிளியர் கோட்டைப் பதம் பார்க்கும். செராமிக் கொஞ்சம் அவகாசம் தரும், அவ்வளவுதான். போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் உப்புப் புள்ளி கோட்டிங்கின் மேலேயே படியும். தூங்குமூஞ்சி மரத்தடியில் தினமும் நிறுத்துகிறவர்களுக்கும், கறுப்பு, அடர்நீலம் வாங்குகிறவர்களுக்கும் நல்ல கோட்டிங் பயன்படும் என்று நானே சொல்லி அனுப்புகிறேன். மூடிய போர்டிகோவில் நிற்கிற வெள்ளை வண்டிக்குச் சொல்வதில்லை. ஷாம்பூவும் இரண்டு வாளியும் நாலு மைக்ரோஃபைபர் துணியும் வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன்.

போன மாதம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு தம்பி வந்தார். ஷோரூமில் சண்டை போட்டு, வண்டியைத் துடைக்கக்கூட விடாமல், ஸ்டாக்யார்டு தூசியோடு அப்படியே எடுத்து வந்திருந்தார். டெலிவரிப் படத்தில் வண்டி அழுக்காக இருக்கிறது என்று அம்மாவுக்கு வருத்தமாம். கழுவி முடித்து மீட்டர் வைத்தோம். பானெட், கூரை, நாலு கதவு, டிக்கி என்று எங்கே வைத்தாலும் 104-க்கும் 119-க்கும் நடுவில்தான் நின்றது. டார்ச்சில் ஒரு கோடுகூட இல்லை.