குடியை விட்டவருக்குத் துணையாக இருப்பது எப்படி?

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்குச் சாயங்காலம்தான் சிக்கல். வேலை முடிந்திருக்கும், கையில் கூலி இருக்கும், வழியில் டாஸ்மாக் இருக்கும். இரவு பத்து மணி வரை அதுவும் திறந்திருக்கும். அதனால் துணைக்கு வர விரும்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஆறிலிருந்து பத்து வரை நேரம் தர முடியுமா என்பதைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து அறிவுரை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அது அவருக்கு மாமனார் வீட்டிலேயே வேண்டிய மட்டும் கிடைத்திருக்கும்.

மதுரையில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை. வருகிறவர் கடை பெஞ்சில் உட்காருவார். குடியைப் பற்றி நானாகப் பேச்செடுக்க மாட்டேன். பழைய பேண்ட்டைக் கொடுத்து, "அண்ணே, இந்தத் தையலைக் கொஞ்சம் பிரிச்சுக் குடுங்க" என்பேன். கை நடுக்கம் போகிற வரை பட்டன் தைக்கத் தருவதில்லை. ஊசி கோக்க முடியாமல் போனால் மனசு விட்டுவிடும். டீ வரும், பேச்சு தானாக வரும். வராவிட்டாலும் கடை சாத்தும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும், அது போதும். சனிக்கிழமை சம்பள நாளில் மட்டும் வேலை இடத்துக்கே போய் அழைத்து வருவேன். அவர் சம்மதித்தால், அங்கேயே மனைவியோ அம்மாவோ பணத்தை வாங்கிக்கொள்ளட்டும். நீங்கள் அதைத் தொட வேண்டாம், கடனும் கொடுக்க வேண்டாம். பணம் நடுவில் வந்தால் உங்களைப் பார்த்ததும் ஒளிவார்.

இன்னும் குடிப்பவரிடம் "இன்றே நிறுத்து" என்று சத்தியம் வாங்காதீர்கள். பல வருடம் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், இடம் நேரம் குழம்பும். உயிருக்கே ஆபத்து. வைராக்கியம் நல்லதுதான், ஆனால் அதை மருத்துவர் பார்வையில் காட்டட்டும். மதுரையில் என்றால் அரசு இராசாசி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் காலையிலேயே கூட்டிப் போங்கள்; மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் எந்நேரமானாலும் 108.

அப்புறம் அந்தக் குடி நிறுத்தும் மருந்துச் சுவரொட்டிகள். 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்று ஒட்டியிருப்பார்களே, அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டைசல்பிராம் என்ற மாத்திரை உண்மையாகவே இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடக்கும். ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை இருக்கும். எனவே அவருக்குத் தெரிந்து, மருத்துவர் எழுதித்தான் கொடுக்க வேண்டும். எந்த வீட்டிலாவது கலக்கிறார்கள் என்று தெரிந்தால் நாசூக்கு பார்க்காமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

குடியோடு மனச்சோர்வும் சேர்ந்தே இருப்பது சகஜம். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். பத்தாவது நாளே "ஒண்ணும் கேக்கல" என்று தூக்கிப் போடுவார்கள். அடுத்த தடவை மருத்துவரிடம் கூடப் போய் அதைச் சொல்ல வையுங்கள். கூட்டுவதும் குறைப்பதும் நம் வேலை இல்லை. "செத்துரலாம் போல இருக்கு" என்றால் பேச்சை மாற்றாதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா, எப்படிச் செய்யலாம் என்று யோசித்தாரா என நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள், அவரை வைத்துக்கொண்டே 14416 என்ற டெலிமானஸ் (அரசு மனநல உதவி) எண்ணை அழையுங்கள். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

மறுபடி குடித்துவிட்டார் என்றால்? போதையில் இருக்கிறவரிடம் ஒன்றும் பேசாதீர்கள். மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல பெஞ்சில் இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் பக்கத்தில் இருந்தால் வாசல் வரை கூடப் போங்கள். கட்டணம் கிடையாது, முழுப் பெயர் சொல்லத் தேவையில்லை.

சாவு வீடு, குலதெய்வம் கோயில் கிடா விருந்து, இந்த இரண்டுக்கும் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். போகாதே என்றால் சொந்தபந்தத்தில் சண்டை வரும். நீங்களும் கூடப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, பாட்டில் வெளியே வருவதற்குள் பஸ் ஏறிவிடுங்கள்.