இலவச லைவ் கச்சேரி: நடத்துபவர்களும் கேட்கப் போகிறவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலவசக் கச்சேரிக்கு வருகிறவர் கையில் டிக்கெட் இல்லை. கொடுத்த காசுக்காகவாவது கடைசி வரை உட்காருவோம் என்ற எண்ணம் அவருக்கு வராது. பிடிக்கவில்லை என்றால் இரண்டாவது பாட்டிலேயே எழுந்து போய்விடுவார். அதில் எந்தத் தப்பும் இல்லை. முன்பின் கேட்டிராத ஒரு குழுவை யார் வேண்டுமானாலும் வந்து கேட்டுப் பார்க்கலாம் என்பதுதானே இலவச நிகழ்ச்சியின் அழகு? ஆனால் நடத்துகிறவர்கள் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘சும்மாதானே நடத்துகிறோம்’ என்று நேரம், ஒலி, சம்பளம், பாதுகாப்பு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அசட்டையாகிவிடுகிறார்கள். டிக்கெட் இல்லாத நிகழ்ச்சிக்குத்தான் இவையெல்லாம் இன்னும் கறாராக இருக்க வேண்டும். கூட்டத்தைப் பிடித்து வைக்க வேறு எதுவும் அங்கே கிடையாது.

கலைஞர்களும் இலவசம் என்று நினைப்பது

நுழைவு இலவசம் என்றால் கேட்பவருக்கு இலவசம், அவ்வளவுதான். வாசிப்பவர் ஒத்திகைக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார், கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டியிருக்கிறார், வண்டி பிடித்து ஆம்ப்பை (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அவரிடம் போய் “பணம் இல்லை, ஆனால் நல்ல பேர் கிடைக்கும்” என்று சொல்வதை நிறுத்திக்கொள்ளலாம். பேரை வைத்து வண்டி வாடகை கொடுக்க முடியாது.

பணம் எங்கிருந்து வரும் என்பதை நிகழ்ச்சி அறிவிப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். இடம் கொடுப்பவர் அன்றைய விற்பனையிலிருந்து ஒரு பங்கு தரலாம், விளம்பரதாரர் தரலாம், உண்டியல் வைக்கலாம். எதுவானாலும் எவ்வளவு, எப்போது கிடைக்கும், எத்தனை நிமிடம் வாசிக்க வேண்டும், யார் எந்தக் கருவியைக் கொண்டுவருவது என்று எழுத்தில் சொல்லிவிட வேண்டும். ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போதும். உண்மையிலேயே பணம் இல்லை என்றால் அதையும் நேராகச் சொல்லுங்கள். தெரிந்து சம்மதித்து வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். “பார்த்துப் பண்ணிடலாம்” என்ற பேச்சுதான் நட்புகளைக் கெடுக்கிறது. சவுண்ட் இன்ஜினியரை மறந்துவிட வேண்டாம். முதலில் வந்து கடைசியில் போகிறவர் அவர்தான்.

உண்டியல் வைப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு வாசலில் நீட்டுவார்கள். அதற்குள் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். கடைசிக் குழு மேடை ஏறுவதற்கு முன், கூட்டம் நிறைந்து இருக்கும்போதே, ஒருவர் மைக்கில் சொல்லிவிட்டுக் கையில் பெட்டியோடு வரிசை வரிசையாகப் போக வேண்டும். க்யூஆர் கோடு அட்டை ஒன்றும் பெட்டியிலேயே ஒட்டியிருக்கட்டும். சேர்வதை எப்படிப் பிரிப்பீர்கள் என்பது எல்லாக் குழுக்களுக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

பட்டியலை நீட்டுவது

ஆசையில் ஐந்து குழுக்களைச் சேர்த்துவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். குழுவுக்கு 30 நிமிடம், இடையில் மேடை மாற்ற 15 நிமிடம் என்றால் மூன்று குழுக்கள் 2 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஐந்து குழுக்களுக்கு மூன்றரை மணி நேரம் ஆகும், அதுவும் ஒருவர்கூடத் தாமதிக்காவிட்டால். யாராவது தாமதிப்பார்கள். கடைசிக் குழு பாவம், மேசை நாற்காலிகளுக்கு வாசிக்கும்.

மேடை மாற்றும் நேரத்தில்தான் கூட்டம் கரைகிறது. அதனால் ஒரே டிரம் செட்டையும் ஒரே பேஸ் ஆம்ப்பையும் எல்லாரும் பகிர்ந்துகொள்ளட்டும். டிரம்மர்கள் ஸ்னேர், சிம்பல், பெடல் மட்டும் தங்களுடையதைக் கொண்டுவந்தால் போதும். சவுண்ட் செக்கை, அதாவது நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்ப்பதை, வரிசையின் கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் வாசிக்கப்போகும் குழு கடைசியாகச் செக் செய்தால் அதன் மைக்கும் அளவுகளும் அப்படியே மேடையில் நிற்கும், அறிவித்த நேரத்துக்குத் தொடங்கிவிடலாம். போஸ்டரில் கதவு திறக்கும் நேரத்தையும் முதல் பாட்டு தொடங்கும் நேரத்தையும் தனித்தனியாகப் போடுங்கள்.

சத்தத்தைக் கூட்டினால் ஒலி சரியாகிவிடும் என்று நம்புவது

சின்ன அறையில் நடக்கும் கச்சேரிகள் பெரும்பாலும் கெடுவது இங்கேதான். பாடகர் பாடுவது கேட்கவில்லை என்றதும் எல்லாரும் மிக்ஸர் பக்கம் திரும்பி “வாய்ஸைக் கூட்டுங்க” என்பார்கள். கூட்டினால் மைக் ஊளையிடும். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி திரும்ப மைக்கில் புகுந்து, மறுபடி பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும் சுழற்சி அது.

மேடையில் பாருங்கள்: கிட்டார் ஆம்ப் தரையில் இருக்கும், வாசிப்பவர் அதற்கு ஒரு அடி முன்னால் நிற்பார். ஆம்ப் அவருடைய முழங்காலுக்கு வாசித்துக்கொண்டிருக்கும். தன் காதுக்குச் சரியாகக் கேட்காததால் அவர் குமிழைத் திருகுவார். எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கோ அது நேரே முகத்தில் அடிக்கும். உடனே டிரம்மர் ஓங்கி அடிப்பார், பேஸ்காரர் கூட்டுவார், பாடகர் தொண்டை கிழியக் கத்துவார். ஆம்ப்பை ஒரு நாற்காலி மேல் வைத்தோ பின்பக்கமாகச் சாய்த்தோ அவர் காதைப் பார்க்கும்படி திருப்பிவிட்டால் அவரே குறைத்துக்கொள்வார். சின்ன அறையில் டிரம்ஸின் சத்தத்தைக் குறைக்கக் குமிழ் இல்லை. எனவே டிரம்ஸை அளவுகோலாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதற்குக் கீழே கொண்டுவந்து, அதன் பிறகு குரலை மேலே ஏற்றுங்கள்.

பாடகர்கள் செய்வது ஒன்று உண்டு. மைக்கின் உருண்டைத் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் மேடைப் பாட்டுக்குப் பயன்படும் பெரும்பாலான மைக்குகள் முன்பக்க ஒலியை வாங்கி, பின்பக்க ஒலியைத் தள்ளிவிடும்படி செய்யப்பட்டவை. அதற்கான துளைகள் அந்த வலைக்குள்தான் இருக்கின்றன. பொத்தினால் எல்லாத் திசையிலிருந்தும் ஒலி உள்ளே வரும். குரல் மூக்கடைத்ததுபோல் மாறும், ஊளையும் சுலபமாகக் கிளம்பும். கைப்பிடியைப் பிடித்தாலே போதும்.

முன் ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால் இருக்க வேண்டும், கேட்பவர்களின் தலைக்கு மேல் உயரமாக இருக்க வேண்டும். மனித உடல்கள் மேல்சுருதி ஒலிகளை உறிஞ்சிவிடும். தரையில் வைத்தால் முதல் வரிசையே அவற்றை விழுங்கிவிடும். காலி அறையில் சவுண்ட் செக் செய்தபோது இருந்த ஒலி, கூட்டம் நிறைந்த பிறகு அப்படியே இருக்காது என்பதற்கும் இதுதான் காரணம். முதல் பாட்டின்போது யாராவது ஒருவர் அறையின் பின்பக்கம் போய் நின்று கேட்டுவிட்டு வர வேண்டும்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எர்த் இல்லாத ஆம்ப்பில் கோளாறு வந்தால், கிட்டார் கம்பியைத் தொட்டபடி மைக்கில் உதடு வைக்கும் கலைஞரின் உடல் வழியாக மின்சாரம் பாயலாம். ஒலிக் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள், விளக்குகளுக்கு வேறு லைன் கொடுங்கள், தேவைப்பட்டால் டிஐ பாக்ஸில் (கருவியின் ஒலியை மிக்ஸருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி) இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் பயன்படுத்துங்கள்; அது ஒலிக் கேபிளின் எர்த்தை மட்டுமே துண்டிக்கும், மின் பிளக்கின் எர்த்தைத் தொடாது.

இலவசம்தானே, அனுமதி எதற்கு என்று விட்டுவிடுவது

கட்டணம் வாங்கவில்லை என்பதால் மட்டும் சட்டம் விலகிப் போகாது. பொது இடத்துக்கு அனுமதி, சத்தத்துக்கான நேர வரம்பு, இடத்தின் கொள்ளளவு எல்லாம் இதற்கும் உண்டு. அடுத்தவர் பாடல்களைப் பொதுவில் பாடுவதற்குப் பெரும்பாலான நாடுகளில் காப்புரிமைச் சங்கத்தின் உரிமம் வேண்டும். பல இடங்களில் அரங்கின் உரிமையாளரே அதை வாங்கியிருப்பார். கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கத்து வீடுகளுக்கு முந்தின வாரமே முடியும் நேரத்தையும் ஒரு போன் எண்ணையும் கொடுத்துவிடுங்கள். கதவைச் சாத்தினால் பேஸ் ஒலி நிற்காது, சுவரைத் தாண்டிப் போகும்.

இலவச நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. வருகிறேன் என்றவர்கள் வரமாட்டார்கள், சொல்லாதவர்கள் கூட்டமாக வருவார்கள். வாசலில் ஒருவர் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், நிறைந்ததும் நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். 1969 டிசம்பர் 6 அன்று கலிஃபோர்னியாவின் ஆல்டமான்ட் பந்தயத் திடலில் நடந்த இலவசக் கச்சேரியில் நான்கு பேர் இறந்தார்கள். கடைசி நேரத்தில் இடத்தை மாற்றினார்கள். வேறொரு இடத்துக்காகத் திட்டமிட்ட, சுமார் ஒரு மீட்டர் உயரமே இருந்த மேடையைச் சரிவின் அடிவாரத்தில் போட்டார்கள். பின்னாலிருந்து நெருக்கிய கூட்டம் நேரே மேடைமேல் வந்து விழுந்தது. நூறு பேர் வரும் நிகழ்ச்சிக்கும் இது பொருந்தும்: இடம் மாறினால் மேடை, வழி, வாசல் எல்லாவற்றையும் முதலிலிருந்து யோசிக்க வேண்டும். முடியாவிட்டால் தள்ளிப்போடுங்கள்.

கேட்க வருகிறவர்களுக்கு

நண்பன் வாசிக்கும் அரை மணி நேரத்துக்கு மட்டும் வந்துவிட்டு, அவன் இறங்கியதும் மொத்தமாகக் கிளம்புவது உள்ளூர் இசை உலகத்தை மெல்ல மெல்லச் சாகடிக்கும். ஒவ்வொரு குழுவும் தன் ஆட்களையே கூட்டி வந்து கூட்டிப் போனால் யாருக்கும் புதிதாக ஒரு ரசிகர்கூடக் கிடைக்கமாட்டார். இன்னும் ஒரு குழுவையாவது கேட்டுவிட்டுப் போங்கள்.

பேச வேண்டுமானால் பின்னால் போய்ப் பேசலாம். மெல்லிய பாட்டு போய்க்கொண்டிருக்கும்போது மேடைக்கு இரண்டடி தூரத்தில் நின்று கதை பேசினால், அது பாடுகிறவர் காதிலும் விழும், பல நேரம் மைக்கிலும் விழும். போனில் ஒரு பாட்டைப் பிடியுங்கள், போதும். முழுக் கச்சேரியையும் கையைத் தூக்கிப் படம் பிடித்தால் பின்னால் நிற்பவர் உங்கள் போனைத்தான் பார்க்க முடியும். இடம் கொடுத்திருப்பது ஒரு கடை என்றால் அங்கே எதையாவது வாங்குங்கள். அடுத்த மாதமும் இடம் கிடைக்குமா என்பது பெரும்பாலும் அந்தக் கல்லாவைப் பொறுத்தது.

காதை மறக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிமுறை, அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆனால் அமெரிக்காவின் தொழில்சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் கணக்குப்படி 85 டெசிபெலை 8 மணி நேரம் கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெலுக்கு வரும்போது 15 நிமிடம்தான் மிஞ்சும். ஆகவே இயர் பிளக் வேண்டும். பஞ்சு உதவாது. சாதாரண ஃபோம் பிளக் காதைக் காக்கும், ஆனால் பாட்டு மங்கலாகக் கேட்கும். இசைக்கலைஞர்களுக்கென்று வரும் பிளக் எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால் பாட்டு பாட்டாகவே இருக்கும். குழந்தையைக் கூட்டி வந்தால் அதற்குக் காதுக் கவசம் போட்டே ஆக வேண்டும். ஸ்பீக்கர் அருகே இடம் காலியாக இருந்தாலும் அங்கே போய் நிற்காதீர்கள். மிக்ஸர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் ஒலி நன்றாக இருக்கும். இன்ஜினியர் அங்கிருந்து கேட்டுத்தானே எல்லாவற்றையும் சரிசெய்கிறார்.

முடிந்ததும் உதவ நினைத்தால் நல்லது, ஆனால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். கேபிளை முழங்கையில் சுற்றிச் சுருட்டினால் உள்ளே இருக்கும் கம்பிகள் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் அறுந்துபோகும். அதற்கு ஒரு சுற்று மேலாகவும் அடுத்தது அடியாகவும் போடும் முறை இருக்கிறது, அங்கேயே யாராவது காட்டிக்கொடுப்பார்கள். ஆம்ப்பை வண்டி வரை தூக்க ஒரு கை பிடித்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.