பாட்டியின் கைப்பக்குவத்தைத் தீபாவளிக்குள் வாங்கிக்கொள்வது எப்படி?

மலேசியத் தமிழர் வீடுகள் பலவற்றில் தீபாவளி முந்தின நாள் மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. மறைந்த பெரியவர்களின் படங்களைத் துடைத்து மாலையிட்டு, தலைவாழை இலை விரித்து, அவர்கள் உயிரோடு இருந்தபோது விரும்பிச் சாப்பிட்டவற்றைச் சமைத்து, மஞ்சள் தடவிய புதுத்துணியோடு படைத்த பிறகே குடும்பம் சாப்பிட உட்காரும். அந்த இலையில் இருக்கும் ஒவ்வொரு பதார்த்தமும் ஒருவருடைய பெயரைச் சொல்லும்: தாத்தாவுக்கு ஆட்டிறைச்சிப் பெரட்டல், பெரியத்தைக்கு நெத்திலிச் சம்பல், பாட்டிக்கு அச்சு முறுக்கு.

செந்தூலில் எங்கள் பாட்டி காலமான ஆண்டு, அவர் சுட்டது போலவே அச்சு முறுக்கு சுட்டு அவருக்குப் படைக்க விரும்பினோம். அளவு யாரிடமும் இல்லை. வீட்டில் ஆறு பேர் ஆறு விதமாகச் சொன்னார்கள். கலக்கிய மாவோ அச்சை விட்டுக் கழலவே இல்லை. கடையில் வாங்கி வந்ததைத்தான் அன்று இலையில் வைத்தோம். அடுத்த ஆண்டு பட்டர்வொர்த்தில் இருந்த சின்னப் பாட்டியிடம் போய் உட்கார்ந்து, அவர் கையிலிருந்து அந்த அளவை வாங்கிக்கொண்டு வந்தோம். அப்போது கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இதைச் சொல்லித்தர ஒருவராவது இருக்கிறார் என்றால், இந்த ஆண்டே தொடங்கிவிடுங்கள்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். தீபாவளி 2024இல் அக்டோபர் 31ஆம் தேதியும் 2025இல் அக்டோபர் 20ஆம் தேதியும் வந்தது. அக்டோபரின் நடுப்பகுதியை ஒட்டி வரும் ஆண்டுகளில், புரட்டாசி முடிந்து இரண்டு மூன்று நாட்களிலேயே பண்டிகை வந்துவிடும். புரட்டாசி முழுவதும் சைவமாக இருக்கும் வீடுகளில் அந்த மாதத்தில் இறைச்சியைச் சமைத்துப் பழக முடியாது. முட்டை சேர்வதால் அச்சு முறுக்கையும் சுட்டுப் பார்க்க முடியாது. ஆகவே இறைச்சிக் கறிகளையும் அச்சு முறுக்கையும் ஆவணியிலேயே ஒரு முறை பழகிக்கொண்டு, சாதாரண முறுக்கு, ஓமப்பொடி, நெய்யுருண்டை போன்றவற்றைப் புரட்டாசிக்கு விட்டுவிடுவது நல்லது.

அடுத்ததாக, எதைக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் எழுதிவிட நினைத்தால் எதுவும் நடக்காது. படையல் இலையில் யாருக்கு என்ன வைக்கிறோம் என்று குடும்பத்தாரிடம் கேட்டு ஒரு பட்டியல் போட்டு, அதில் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த பதார்த்தம் எது என்று பாருங்கள். அதுதான் இந்த ஆண்டின் வேலை. இட்டிலிக்குக் கோழிக்கறி எல்லாருக்கும் தெரியும், அது காத்திருக்கும்.

பெரியவர்களிடம் அளவு கேட்டால் கிடைக்காது. நாற்பது ஆண்டுகளாகக் கண்ணாலும் கையாலும் அளந்தவரிடம், எத்தனை கிராம் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? நாலு கை மாவு, ஒரு கை சீனி, போதுமான பால் என்பார். அவரைப் பொறுத்தவரை அது சரியான பதிலும்கூட. அதனால் அவரைக் கேட்காதீர்கள், அவர் எடுக்கும் பாத்திரத்தைக் கேளுங்கள். சமையலறை மின்தராசு ஒன்றை மேசையில் வைத்து, அவர் கை வைப்பதற்கு முன் மாவு டின்னை நிறுத்து எழுதிக்கொள்ள வேண்டும். அவர் எடுத்து முடித்த பிறகு மறுபடியும் நிறுக்க வேண்டும். முன்பு 1,840 கிராம் இருந்த டின் 1,310 கிராமாகக் குறைந்திருந்தால், அவருடைய நாலு கை 530 கிராம். சீனி, உப்பு, குழம்புத் தூள், தேங்காய்ப்பால், எண்ணெய் எல்லாவற்றையும் இப்படியே எடுக்கலாம். அவர் தம்முடைய வழக்கமான வேகத்திலேயே வேலை செய்யட்டும். இடையில் நிறுத்தி நிறுத்திக் கேட்டால் கை தடுமாறிவிடும். இரண்டு முறை அளந்து, இரண்டும் ஒத்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை மட்டும் போதாது, பதத்தையும் எழுத வேண்டும். சின்னப் பாட்டி மாவில் தம் ஆள்காட்டி விரலை விட்டு எடுத்து, நகத்தைப் பார்த்தார். மாவு நகத்தின் மேல் படர்ந்திருக்க, அடியில் நகத்தின் விளிம்பு மங்கலாகத் தெரிந்தபோதுதான் தேங்காய்ப்பால் ஊற்றுவதை நிறுத்தினார். இது எந்தப் புத்தகத்திலும் இராது. அவர் எதை முகர்கிறார், எந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்புகிறார் என்பதைக் கைப்பேசியில் படமாக எடுத்து வையுங்கள். முகத்தைவிடக் கைகளுக்குப் பக்கத்தில் கைப்பேசியை வைப்பதே பயன் தரும்.

எங்கள் வீட்டு அச்சு முறுக்கின் அளவு இது: அரிசி மாவு 500 கிராம், கோதுமை மாவு 100 கிராம், சீனி 250 கிராம், முட்டை 4, சிறிது உப்பு, கெட்டியான தேங்காய்ப்பால் ஏறக்குறைய 600 மில்லிலிட்டர். முட்டையையும் சீனியையும் சீனி முழுவதும் கரையும்வரை அடித்து, பாலையும் மாவையும் மாறி மாறிச் சேர்த்து, கட்டியில்லாமல் வடிகட்டி, அரை மணி நேரம் வைக்க வேண்டும். கடைசிக் கொஞ்சம் பாலை மட்டும் நகத்தைப் பார்த்து ஊற்றுங்கள்.

சுடுவதில்தான் எங்கள் முதல் முயற்சி கெட்டது. காரணம் அச்சின் சூடு. மாவு ஒட்டாமல் கழல வேண்டும் என்றால், எண்ணெயோடு அச்சும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். புதிய அச்சு என்றால் முதல் நாள் முழுக்க அரிசி களைந்த நீரில் ஊறப்போட்டு, துடைத்து, காய்ந்த எண்ணெயில் நீண்ட நேரம் கிடக்க விடுங்கள். ஒரு சொட்டு மாவை விட்டால் உடனே மேலே எழும்பி வரும் சூட்டில், அச்சை எண்ணெயிலிருந்து எடுத்து உதறி, மாவில் முக்கால் உயரம் மட்டும் முக்க வேண்டும். சுர்ரென்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் அச்சு ஆறிவிட்டது. மாவு அச்சின் மேல் விளிம்பைத் தாண்டி ஏறிவிட்டால் முறுக்கு அச்சைக் கவ்விக்கொள்ளும், பிறகு கத்தியால் சுரண்ட வேண்டியதுதான். எண்ணெயில் மறுபடி வைத்துச் சில வினாடிகள் கழித்து மெல்ல ஆட்டினால் பூப்போலக் கழன்று மிதக்கும். நுரை அடங்கி, பொன்னிறம் ஏறும்போது எடுத்துவிடுங்கள். சூட்டில் மெத்தென்று இருந்தாலும் ஆறினால் மொறுமொறுப்பாகிவிடும். அரிசி மாவு அடியில் தங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், நாலைந்து முறுக்குக்கு ஒரு முறை மாவைக் கலக்கிவிட ஒருவரை உட்கார வைப்பது நல்லது. எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட அந்த வேலையைக் கொடுக்கலாம். அடுப்பிலிருந்து தள்ளி மட்டும் உட்கார வையுங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றில் பலகாரம் சீக்கிரம் நமுத்துவிடும். முழுவதும் ஆறிய பிறகு, அடியில் தாள் விரித்த காற்றுப் புகாத டின்னிலோ, கடைகளில் விற்கும் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தலிலோ அடுக்கி, நன்றாக மூடி வையுங்கள். மழை பெய்யும் மாலையில் சுடுவதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

வேலையைப் பிரிப்பதைப் பற்றி ஒன்றைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். பண்டிகைச் சமையல் முழுவதும் ஒரே அண்ணியின் தலையில் விழுவது நம் குடும்பங்களில் சாதாரணமாகிவிட்டது. அதில் அவருக்கும் களைப்பு, மற்றவர்களுக்கும் எதுவும் தெரியாமல் போகிறது. வீட்டுக்கு ஒரு பதார்த்தம் என்று பிரித்துக் கொடுங்கள். ஆனால் அதைத் தெரிந்தவரிடம் கொடுக்காமல், கற்றுக்கொள்ள வேண்டியவரிடம் கொடுத்து, தெரிந்தவரைப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வையுங்கள். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சிப் பெரட்டல் இப்போது என் தம்பியின் பொறுப்பு. தாத்தாவின் படத்துக்கு முன் அந்தக் கிண்ணத்தை அவனே கொண்டுவந்து வைக்கிறான். படைத்து முடித்து இலையில் சாப்பிட உட்காரும்போது, இது யாருக்குப் பிடித்தது, அவர் ஏன் இதை இவ்வளவு காரமாகக் கேட்பார் என்று மூத்தவர் ஒருவர் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

மறுநாள் திறந்த இல்ல உபசரிப்பு வைக்கும் வீடுகளில், மலாய், சீன நண்பர்களும் அண்டை வீட்டாரும் வருவார்கள். முஸ்லிம் நண்பர்கள் வருவார்கள் என்றால், கோழி, ஆட்டிறைச்சி அனைத்தையும் ஹலால் கடையில் வாங்கிவிடுங்கள். படையலுக்கு மது வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், அந்தப் பாத்திரங்களையும் கண்ணாடிக் குவளைகளையும் விருந்தினர் மேசைக்குக் கொண்டுவராமல் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். மாட்டிறைச்சியை நாமும் வைப்பதில்லை, சீன நண்பர்களிலும் பலர் அதைத் தொடுவதில்லை. சைவம் சாப்பிடுபவர்களுக்குத் தனிக் கரண்டியோடு தனி மேசை போடுவது மரியாதை. அச்சு முறுக்கைப் பார்த்தவுடன் மலாய் நண்பர்கள் அதைக் குவே ரோஸ் என்று அடையாளம் கண்டு, தங்கள் வீட்டு நோன்புப் பெருநாள் நினைவுகளைச் சொல்லத் தொடங்குவார்கள். அவர்கள் அளவையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தேங்காய்ப்பால் சேர்த்த கறிகளில் கவனம் தேவை. இந்த வெயிலில் அவற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. மொத்தமாக ஊற்றி வைக்காமல் சிறு பாத்திரங்களில் எடுத்து வைத்து, மீதியைக் கொதிக்கும் சூட்டிலேயே வைத்திருங்கள். மிஞ்சியதை அண்டாவோடு குளிர்பெட்டியில் தள்ளினால் நடுப்பகுதி வெகுநேரம் சூடாகவே இருந்து கெட்டுவிடும். அகலமான தட்டைப் பாத்திரங்களில் பிரித்து வைத்து, மறுபடி பரிமாறும் முன் நன்றாகக் கொதிக்க விடுங்கள்.

பண்டிகை முடிந்த மறுநாள், எது மிஞ்சியது, எது போதவில்லை, உப்பு எதில் கூடிற்று என்று அதே தாளில் எழுதிவிட வேண்டும். ஒரு வாரம் போனால் யாருக்கும் நினைவிராது. அச்சைச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்காதீர்கள், பழகிய எண்ணெய்ப் பூச்சு போய்விடும். சூடாக இருக்கும்போதே தாளால் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, பழைய செய்தித்தாளில் சுற்றி, அளவு எழுதிய தாளின் பிரதி ஒன்றையும் சேர்த்துக் கட்டி, அடுத்த ஆண்டு யார் சுடப் போகிறாரோ அவர் கையில் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.