செட்டிநாட்டில் டென்னிஸ் வீரர் எதிர்ப்பட்டால்

டிசம்பர் மாதம் தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரர்களுக்குப் பெரும்பாலும் ஓய்வுக்காலம். செட்டிநாட்டுக்கு வெளியூர்ப் பயணிகள் மிகுதியாக வரும் பருவமும் அதுவே. ஆகவே, கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய பழைய வீடொன்றின் முகப்பிலோ, ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் பட்டறையிலோ, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடையிலோ, தொலைக்காட்சியில் மட்டும் பார்த்துப் பழகிய முகம் திடீரென எதிரே வந்து நிற்கலாம்.

முதலில், வந்திருப்பவர் யார் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். 1960, 1961 ஆம் ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றவர் ராமநாதன் கிருஷ்ணன். அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணன். 2018இல் அமெரிக்காவின் நியூபோர்ட் டென்னிஸ் தொடரின் இறுதிப் போட்டியில் ஆடியவர் ராம்குமார் ராமநாதன். இந்தப் பெயர்களை மாற்றிச் சொல்லி வணக்கம் வைப்பதைவிடப் பெயர் சொல்லாமல் வணக்கம் வைப்பது மேல்.

அவர் இலையில் உட்கார்ந்திருக்கும்போது அருகில் செல்ல வேண்டாம். சாப்பிட்டு எழுந்து, கை கழுவி, வெளியே வரும்வரை பொறுத்திருங்கள். கைகுலுக்க அவராகக் கை நீட்டினால் மென்மையாகப் பற்றுங்கள். அந்த மணிக்கட்டில்தான் அவருடைய பிழைப்பு இருக்கிறது. பேச்சை இரண்டு நிமிடங்களுக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

“அன்றைக்கு ஏன் தோற்றீர்கள்?” என்று தொடங்குவது நம்மவர் பலருக்கு உரிமைப் பேச்சாகத் தோன்றும், ஆட்டக்காரருக்கு அப்படித் தோன்றாது. “காயம் ஆறிவிட்டதா, அடுத்த போட்டியில் ஆடுவீர்களா?” என்ற கேள்வி அன்பானதுதான் என்றாலும், பந்தயம் கட்டுவோர் தேடி அலைவதும் அதே செய்தியைத்தான் என்பதால், அதற்கு மழுப்பலான பதில் வந்தால் மனவருத்தம் கொள்ள வேண்டாம். மாறாக, மட்டையின் நரம்பை எத்தனை பவுண்டு இழுவிசையில் கட்டுகிறீர்கள், களிமண் தளத்துக்கு அதைத் தளர்த்துவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆட்டத்தை அறிந்தவர் கேட்கிறார் என்பது அவருக்கு உடனே புரிந்துவிடும்.

இந்த ஊரில் உண்மையான சிக்கல் விருந்தோம்பல்தான். வீட்டு ஆச்சி சீயத்தையும் கவுனி அரிசியையும் கொண்டுவந்து வைத்து, மறுப்பவரை விடாமல் வற்புறுத்துவார். ஆனால், உடலில் தடைசெய்யப்பட்ட பொருள் காணப்பட்டால், அது எப்படி வந்தது என்று தெரியாவிட்டாலும் பொறுப்பு ஆட்டக்காரருடையதே என்பது ஊக்கமருந்துத் தடுப்பு விதி. இத்தாலிய டென்னிஸ் வீரர் யானிக் சின்னர் எதையும் விழுங்கவில்லை. தன் விரல் காயத்துக்கு மருந்து தெளித்துக்கொண்ட இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) அவருக்கு உடம்பு பிடித்துவிட்டதில் குளோஸ்டெபால் என்ற தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து அவர் உடலில் கலந்தது என்பதே விளக்கம். அந்த விளக்கம் ஏற்கப்பட்ட பிறகும், 2025இல் அவர் மூன்று மாதத் தடையை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. எனவே பலகாரத்தை ஒருமுறை நீட்டுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். முழங்கால் வலிக்கு என்று தைலத்தையோ லேகியத்தையோ எடுத்து நீட்டவே வேண்டாம்.

கையெழுத்துக்குப் பந்தை நீட்டுவதானால் தடித்த முனையுள்ள மார்க்கர் பேனாவைக் கையோடு வைத்திருங்கள்; பந்தின் பஞ்சுப் பரப்பில் சாதாரணப் பேனா ஓடாது. படத்துக்கு ஒரே முறை அனுமதி கேளுங்கள். வளவின் (வீட்டின் உள்முற்றப் பகுதி) தூண்களுக்கிடையே, முற்றத்து வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்றால் ஒரே சொடுக்கில் வேலை முடியும். அவர் ஊரைவிட்டுக் கிளம்பும்வரை அந்தப் படத்தை எங்கும் பதிவிடாதீர்கள். இல்லையெனில் மாலைக்குள் விடுதி வாசலில் கூட்டம் கூடிவிடும்.

நினைவாக ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்று தோன்றினால் ஆத்தங்குடிக் கல்லைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். மட்டைப் பைகளுடன் எடை பார்த்து விமானம் ஏறுகிறவருக்கு அது சுமை. பனையோலைக் கொட்டான் (சிறு கூடை) ஒன்று போதும். கொட்டானை வெறுமையாகக் கொடுக்கக் கூடாதென்று ஆச்சி தடுத்தால், சீப்புச் சீடைக்குப் பதிலாக உள்ளே ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டுக் கொடுத்துவிடலாம்.