சூடேறியதும் தட்டிய சைலன்சர்: என் அனுபவம்

என் பழைய காருக்கு வெளியே வாங்கிய துருப்பிடிக்காத எஃகு சைலன்சரை வீட்டிலேயே பொருத்தினேன். குளிர்ந்திருக்கையில் அமைதியாக இருந்த குழாய், சூடேறியதும் பின் அச்சில் தட்டியது. இவ்வகை எஃகு 300 டிகிரி சூடேறினால் மீட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளும். ஆகவே, சஸ்பென்ஷன் (சக்கரங்களின் ஸ்பிரிங் அமைப்பு) சாலையில் இருப்பதுபோலவே அமுங்கியிருக்கும்படி அச்சுக்கு அடியில் ஸ்டாண்டுகளை வைத்து (ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது உயிருக்கே ஆபத்து), குழாய் இணைப்புகளை இறுக்கும் கிளாம்புகளைத் தளர்த்தி, ரப்பர் மாட்டிகள் முறுக்கின்றி நேராகத் தொங்கும்வரை குழாயைத் திருப்பி, அச்சுக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடம் விட்டு, எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக முடுக்கினேன். குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவியபோது ஓரிடத்தில் மட்டும் குமிழி வந்தது; அங்கே புகை கசிகிறது என்று பொருள். அதைப் பிரித்து கசிவை அடைக்கும் எக்ஸாஸ்ட் பேஸ்ட் பூசி மீண்டும் பொருத்தினேன். ஒருமுறை ஓட்டி ஆறியபின் கிளாம்புகளை மீண்டும் முடுக்கியதும் தட்டல் முற்றிலும் நின்றது.